மூன்று பென்சில் வட்டங்கள்

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு வாட்மேன் வடிதாளில் மூன்று வட்டங்கள் போட்டேன். பென்சிலில்தான் போட வேண்டும். பேனா மை ஈரத்தில் கரைந்து டிஎன்ஏவோடு கலந்துவிடும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் 10 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ கரைசலை ஒரு சொட்டாக விட்டு, ஹூட் என்ற காற்று வடிகட்டும் பெட்டிக்குள் உலர வைத்தேன். அரை மணியில் காய்ந்துவிட்டது. காய்ந்த பிறகு சொட்டு இருந்த சுவடே இல்லை. வட்டமும் பக்கத்தில் எழுதிய பெயரும் மட்டும் தெரிகின்றன. தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைத் தபால் உறையில் போட்டு, ஹைதராபாத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன்.

அங்கே ஓர் ஆய்வகத்தில் பிஎச்டி முதல் வருடம் சேர்ந்திருக்கும் பெண் எனக்கு எழுதியிருந்தாள். "அக்கா, உங்க ஃபிளாக் பார்க்கின் ரெட்ரோவைரல் பிளாஸ்மிட் கொஞ்சம் கிடைக்குமா? எதையெல்லாம் பார்த்துக்கணும்னும் சொல்லுங்க." இரண்டு நிறுவனங்களுக்கும் இடையில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அவர்கள் பக்கத்து உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் வர ஆறு வாரம் ஆனது. அவள் கேட்டது ஒரு பிளாஸ்மிட், அதாவது பார்க்கின் என்ற மனித மரபணுவைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையம். நான் அனுப்பியது மூன்று. ஏன் மூன்று என்பதை ஒரு மின்னஞ்சலில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதே வேலையைத் தொடங்கப் போகிற வேறு யாருக்காவதும் உதவும்.

பிளாஸ்மிட்டைத் தாளில் வைத்து அனுப்புவது பழைய வழக்கம். டிஎன்ஏ காய்ந்துவிட்டால் ஐஸ் தேவையில்லை, குளிர்பெட்டி தேவையில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆட்ஜீன் என்று லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு இருக்கிறது. 2004-இல் தொடங்கியது. உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் செய்த பிளாஸ்மிட்களை வாங்கிப் பாதுகாத்து, கேட்கும் ஆய்வகங்களுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. அங்கிருந்து வருவது பெரும்பாலும் ஒரு சிறு குழாயில், அகாருக்குள் குத்தி வளர்த்த பாக்டீரியாவாக வரும். தெரிந்த ஆய்வகங்களுக்குள் நாங்கள் இன்னும் தாளைத்தான் நம்புகிறோம்.

சரி, அந்த வட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

டிஎன்ஏ வளையம். சுமார் 6,600 எழுத்து நீளம். இதில் பெரும்பகுதி பிபேப் ப்யூரோ என்ற பிளாஸ்மிட். ஜே மார்கன்ஸ்டெர்னும் ஹார்ட்மட் லேண்டும் 1990-இல் வெளியிட்டது. முப்பது வருடம் தாண்டியும் உலகம் முழுக்க ஃப்ரீசர்களில் கிடக்கிறது. அதற்கும் மூலம் மோலோனி எலி லுக்கீமியா வைரஸ். ஜான் மோலோனி 1960-இல் எலிக் கட்டி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த வைரஸ் அது. ஆர்என்ஏவாக செல்லுக்குள் போய், தன்னை டிஎன்ஏவாக எழுதிக்கொண்டு, அந்தச் செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே குடியேறிவிடும். ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ எழுதும் நொதியை 1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1975-இல் அதற்கு நோபல் பரிசு.

நாங்கள் அந்த வைரஸிடமிருந்து குடியேறும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வைரஸின் இரண்டு ஓரங்களிலும் எல்டிஆர் என்ற ஒரே மாதிரித் துண்டுகள் உள்ளன. அவற்றையும், "இந்த ஆர்என்ஏவைப் பொதிந்துகொள்" என்று சொல்லும் சை என்ற குறியையும் வளையத்தில் வைத்திருக்கிறோம். வைரஸின் உடம்பைக் கட்டும் மரபணுக்கள் வளையத்தில் இல்லை. அவை வேறு இரண்டு பிளாஸ்மிட்களில் தனியாக இருக்கின்றன, அவற்றில் சை கிடையாது. அதாவது, கட்டத் தெரிந்தவர்களுக்கு ஏறிக்கொள்ளும் சீட்டு இல்லை, சீட்டு உள்ளவருக்குக் கட்டத் தெரியாது. மூன்றையும் ஒரே செல்லுக்குள் விட்டால் வைரஸ் உருவாகும். அந்த வைரஸ் அடுத்த செல்லுக்குள் ஒருமுறை போகும், அங்கே குடியேறும், அதோடு சரி. மறுபடி பெருகாது. சையைப் பிரித்துவிட்டால் போதும் என்ற இந்த யோசனையை 1983-இல் மான், மல்லிகன், பால்டிமோர் மூவரும் செய்து காட்டினார்கள். எனக்கு இன்றைக்கும் இது அழகாகத்தான் படுகிறது. எத்தனை தடவை ஜூனியர்களுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேனோ, அத்தனை தடவையும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

இரண்டு எல்டிஆர்களுக்கும் நடுவில் நாம் விரும்பும் மனித மரபணுவை வைக்கலாம். அதற்குப் பின்னால் ப்யூரோமைசின் மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்று, அதை இயக்கும் தனி ப்ரோமோட்டருடன் இருக்கிறது. வைரஸ் குடியேறாத செல் அந்த மருந்தில் செத்துவிடும். குடியேறிய செல் பிழைக்கும்.

நான் வைத்த மனித மரபணு பார்க்கின். நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோய் சிலருக்கு இருபது, முப்பது வயதிலேயே வருகிறது. அப்படிப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்த ஜப்பானியக் குழு ஒன்று 1998-இல் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. குரோமோசோமில் இது 13 லட்சம் எழுத்துகளுக்கு மேல் பரந்து கிடக்கிறது. மனித மரபணுக்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆனால் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் சேர்த்தால் 1,398 எழுத்துகள்தான், 465 அமினோ அமிலங்கள்.

பார்க்கின் என்ன செய்கிறது என்பதற்கு 2008-இல் ஒரு பெரிய பதில் கிடைத்தது. ரிச்சர்ட் யூலின் ஆய்வகத்தில் டெரக் நரேந்திரா மற்றும் குழுவினர், சேதமான மைட்டோகாண்ட்ரியாவைத் தேடி பார்க்கின் போவதையும், பிறகு அந்த மைட்டோகாண்ட்ரியா செரிக்கப்படுவதையும் காட்டினார்கள். மஞ்சளாக ஒளிரும் புரதம் ஒட்டிய பார்க்கினை ஹீலா என்ற, ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்லுக்குள் விட்டு, சிசிசிபி என்ற வேதிப்பொருளால் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைக் குலைத்தால், செல் முழுக்கப் பரவியிருந்த மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் திரண்டுவிடும். நான் முதல் தடவை மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்த்தபோது இரவு பத்தரை மணி. மறுநாள் காலை வரைக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

ஹீலா செல்லில் பார்க்கின் இயல்பாகவே ஏறத்தாழ இல்லை. அதனால்தான் எல்லோரும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாம் விடுவது மட்டும்தான் தெரியும்.

பார்க்கினைச் சாதாரண பிளாஸ்மிட்டிலேயே செல்லுக்குள் விடலாமே, வைரஸ் எதற்கு என்று கேட்கலாம். விடலாம். ஆனால் அப்படி விட்டால் ஒரு செல்லில் ஆயிரம் பிரதி போகும், பக்கத்துச் செல்லில் ஒன்றும் போகாது. சில செல்கள் புரதத்தால் திணறும். மூன்று நாளில் எல்லாம் கரைந்துவிடும். ரெட்ரோவைரஸைக் குறைந்த அளவில் விட்டால் பெரும்பாலான செல்களில் ஒன்று அல்லது இரண்டு பிரதிதான் குடியேறும். தட்டில் உள்ள செல்கள் ஏறத்தாழ ஒரே அளவு புரதம் செய்யும், மாதக் கணக்கில் செய்யும். தன்னைத் தானே கட்டுப்படுத்தும் பார்க்கின் போன்ற புரதத்துக்கு இந்த அடக்கம் முக்கியம்.

இனி அந்தப் பெண் கேட்ட "எதையெல்லாம் பார்த்துக்கணும்".

பாக்டீரியாவில் வளர்க்கும்போது, ஒரே மாதிரி இருக்கும் இரண்டு எல்டிஆர்களும் ஒன்றோடொன்று சேர்ந்து நடுத்துண்டை வெளியே தள்ளிவிட வாய்ப்பு உண்டு. பிபேப் பெரும்பாலும் டிஎச்5ஆல்ஃபா என்ற வழக்கமான ஆய்வக பாக்டீரியாவிலேயே ஒழுங்காக இருக்கும். இருந்தாலும் நான் எஸ்டிபிஎல்3 பாக்டீரியாவில் போட்டு 30 டிகிரியில் வளர்க்கிறேன். ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். வளர்த்து எடுத்ததும் முழு வளையத்தையும் வரிசைப்படுத்திப் பார்த்துவிடுங்கள். இப்போது அதற்குச் செலவு குறைவு.

வைரஸ் செய்ய 293டி செல். 293 என்பது சோதனை எண். ஃபிராங்க் கிரஹாம் லைடன் நகரத்தில் மனிதக் கரு சிறுநீரகச் செல்களில் செய்த 293-ஆம் சோதனையில் கிடைத்த செல் வரிசை அது. இந்தச் செல்கள் தட்டில் லேசாகத்தான் ஒட்டியிருக்கும். செல் வளரும் திரவமான மீடியத்தை நேராக மேலே ஊற்றினால் பாய் சுருட்டுவது போல ஒரு பக்கம் முழுக்க உரிந்து வரும். தட்டின் சுவரை ஒட்டி மெதுவாக ஊற்றுங்கள். மீடியம் 37 டிகிரிக்கு வந்த பிறகே ஊற்றுங்கள். முதல் மாதம் நான் மூன்று தட்டு இப்படி இழந்தேன்.

மூன்று பிளாஸ்மிட்களையும் விட்ட 48 மணி நேரத்தில் ஒரு முறை, 72-இல் ஒரு முறை, மேலே உள்ள திரவத்தை எடுங்கள். வைரஸ் அதில்தான் இருக்கும். 0.45 மைக்ரான் வடிகட்டி. 0.22 வேண்டாம், வைரஸில் ஒரு பங்கு அதிலேயே நின்றுவிடும். நைட்ரோசெல்லுலோஸ் சவ்வும் வேண்டாம், அது புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வைரஸ் செல்லில் ஒட்ட உதவும் பாலிப்ரீன் மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம்.

வைரஸை வாங்கிக்கொள்ளும் ஹீலா செல்கள் தட்டில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது. இந்த எலி வைரஸால் உட்கருவின் சுவரைத் தாண்ட முடியாது. செல் இரண்டாகப் பிரியும்போது அந்தச் சுவர் கலையுமே, அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே போகும். நெரிசலான தட்டில் செல்கள் பிரிவதை நிறுத்திவிடும், வைரஸ் வாசலிலேயே காத்திருந்து கெட்டுப்போகும். எங்கள் ஆய்வகத்தில் "வைரஸ் வேலை செய்யல" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் தட்டில் கோளாறு இதுதான்.

இரண்டு நாள் கழித்து ப்யூரோமைசின். என் ஹீலாவுக்கு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் போதும். உங்கள் செல்லுக்கு எவ்வளவு என்பதை நீங்களே முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வைரஸே விடாத ஒரு தட்டையும் மருந்தில் கட்டாயம் வைத்திருங்கள். அந்தத் தட்டு முழுதும் செத்த பிறகுதான் மற்ற தட்டில் பிழைத்தவை உண்மையில் பிழைத்தவை.

பிழைத்தவற்றில் ஒரே ஒரு செல்லிலிருந்து வளர்ந்த கூட்டத்தைத் தனியாக எடுக்காமல், எல்லாவற்றையும் சேர்த்தே வையுங்கள். வைரஸ் எங்கே குடியேறும் என்பது நம் கையில் இல்லை. இந்த எலி வைரஸ் மரபணுக்களின் தொடக்கப் பகுதிக்குப் பக்கத்தில் போய் உட்காரும் இயல்புடையது. பாரிஸில் நோய் எதிர்ப்பு சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு இதே குடும்பத்து வைரஸை வைத்து மரபணு சிகிச்சை கொடுத்தார்கள். 2000-இல் வெளிவந்த முடிவு உலகத்தையே மகிழ வைத்தது. பிறகு அவர்களில் சில குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. எல்எம்ஓ2 என்ற மரபணுவின் அருகில் வைரஸ் குடியேறி அதைத் தட்டி எழுப்பியிருந்தது. ஒரு குழந்தை இறந்தது. ஹூட்டில் உட்காரும் ஒவ்வொரு புது மாணவருக்கும் நான் இதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். தாளில் வரும் டிஎன்ஏ வைரஸ் இல்லை, அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் மூன்று பிளாஸ்மிட்களும் சேர்ந்த பிறகு தட்டில் இருப்பது மனிதச் செல்லுக்குள் போகத் தெரிந்த ஒன்று. இரட்டைக் கையுறை, ப்ளீச், கூர்மையான எதுவும் பக்கத்தில் இல்லாமல் வேலை.

இதுவரை சொன்னது எந்த நெறிமுறைத் தாளிலும் கிடைக்கும். நான் மூன்று வட்டம் அனுப்பியதன் காரணம் அதில் கிடைக்காது.

அவள் கேட்ட பிளாஸ்மிட்டில் பார்க்கினின் முன்முனையில் ஒரு டேக், அதாவது புரதத்தை அடையாளம் காண ஒட்டும் சிறு துண்டு, இருக்கிறது. ஃபிளாக், அதற்குப் பின் எச்ஏ. ஃபிளாக் என்பது எட்டு அமினோ அமிலங்கள், அதில் ஐந்து அஸ்பார்டிக் அமிலம். 1988-இல் வெளியானது, இயற்கைப் புரதத்திலிருந்து எடுக்காமல் யோசித்து வடிவமைத்தது. எச்ஏ ஒன்பது அமினோ அமிலங்கள், இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் மேற்புரதத்திலிருந்து வெட்டி எடுத்தது. இரண்டையும் இறுகப் பிடிக்கும் நல்ல ஆன்டிபாடிகள் கடையில் கிடைக்கின்றன. எந்தப் புரதமானாலும் அதன் ஓரத்தில் இந்தப் பதினேழையும் ஒட்டிவிட்டால், அந்தப் புரதத்துக்கென்று நல்ல ஆன்டிபாடி இல்லாவிட்டாலும் கவலையில்லை. செல்லை உடைத்து, ஃபிளாக் ஆன்டிபாடி ஒட்டிய மணிகளில் பிடித்து, கழுவி, ஃபிளாக் பெப்டைடை ஊற்றினால் புரதம் சுத்தமாகக் கழன்று வரும்.

பார்க்கினுக்கு இது இரண்டு மடங்கு வசதி. முழுப் பார்க்கினின் எடை 52 கிலோடால்டன். புரதத்தைப் பிடிக்கப் பயன்படுத்தும் ஆன்டிபாடியின் கனமான சங்கிலி 50-க்குப் பக்கத்தில் ஓடும். சாதாரண ஆன்டிபாடியில் பிடித்து, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் போட்டால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழப்பும். டேக் இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. முன்முனையா பின்முனையா என்பதிலும் நான் யோசிக்கத்தான் செய்தேன். சில நோயாளிகளிடம் 453-ஆம் இடத்திலேயே புரதம் நின்றுவிடும் மாற்றம் உண்டு. கடைசிப் பதின்மூன்று அமினோ அமிலங்கள்தான் போகின்றன, அதற்கே புரதம் மடியாமல் திரண்டுவிடுகிறது. அப்படியானால் பின்முனையைத் தொட வேண்டாம், முன்முனையில் வைப்போம் என்று முடிவு செய்தேன். எவரும் செய்யும் முடிவுதான்.

2022 பிப்ரவரியில் ஃபிளாக் பார்க்கின் செல்கள் தயாராயின. சிசிசிபி எதுவும் விடாமல் அமைதியாக வைத்த ஹீலா செல்களிலிருந்து பார்க்கினைப் பிடித்து, அதன் மேல் யுபிக்விட்டின் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். யுபிக்விட்டின் ஒரு சிறு புரதம், அதை மற்றப் புரதங்களின் மேல் ஏற்றுவதுதான் பார்க்கினின் வேலை. ஏறியிருக்கக் கூடாது. பார்க்கின் அமைதியான செல்லில் மரவட்டை போலச் சுருண்டு கிடக்கும். முன்முனையில் உள்ள முதல் 76 அமினோ அமிலங்கள் மடங்கி வந்து தன் உடம்பின் மேலேயே படிந்திருக்கும். மைட்டோகாண்ட்ரியா சேதமாகி, அதன் மேல் பிங்க்1 என்ற புரதம் சேர்ந்து, அது பாஸ்பேட் வைத்துத் தட்டி எழுப்பினால்தான் பார்க்கின் விரிந்து வேலை செய்யும்.

என் பிளாட்டிலோ 52-க்கு மேலே ஏணி போலப் படிப்படியாகப் பட்டைகள். பார்க்கின் தன் மேலேயே யுபிக்விட்டின் ஏற்றிக்கொண்டிருந்தது. அதாவது விழித்திருந்தது.

நான் அதை அப்படியே நம்பிவிடவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். மறுபடி மறுபடி செய்தேன். பார்க்கினின் வேலை நடக்கும் இடம் 431-ஆம் சிஸ்டீன். அதை அலனினாக மாற்றிப் பார்த்தேன். ஏணி மறைந்தது. அப்படியானால் இது பார்க்கினின் சொந்த வேலைதான், வேறு எதுவோ ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கு இல்லை. அந்த நாள் மிகுந்த மகிழ்ச்சி. அமைதியான செல்லிலும் பார்க்கின் கொஞ்சம் விழித்தே இருக்கிறது, அதற்கு ஏதோ வேலை இருக்கிறது என்று எழுதத் தொடங்கினேன். அது என்ன வேலை என்று தேடிக்கொண்டு ஏழு மாதம் போனது. வார இறுதிகள் போயின. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாயா என்று அம்மா செப்டம்பரில் கேட்டபோது, பார்ப்போம் என்று சொன்னேன்.

செப்டம்பர் கடைசியில் குழுக் கூட்டத்தில் எல்லாப் படங்களையும் போட்டேன். எங்கள் ஆய்வகத்தில் எனக்கு ஆறு வருடம் மூத்த அக்கா ஒருவர் அன்று வந்திருந்தார். முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "டேக் இல்லாம ஒரு லேன் ஓட்டினியாம்மா?"

ஓட்டவில்லை. ஒப்பிடுவதற்காக வைத்த என் கண்ட்ரோல் எல்லாவற்றிலும் டேக் இருந்தது. 431 மாற்றிய பார்க்கினிலும் இருந்தது. அது பார்க்கின் வேலை செய்கிறது என்று மட்டும்தான் சொல்லியது. ஏன் வேலை செய்கிறது என்று அதனால் சொல்லியிருக்கவே முடியாது. நான் அதையும் சேர்த்து சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஆய்வகத் தலைவர் மேடம் சொன்னதெல்லாம், "செஞ்சு பாத்துடுமா, அப்புறம் பேசலாம்." அதே பிபேப்பில் டேக் இல்லாத பார்க்கினை வைத்தேன். வைரஸ், ப்யூரோமைசின், எல்லாம் மறுபடி. ஐந்து வாரம். முயல் ஆன்டிபாடியால் பிடித்து, எலி ஆன்டிபாடியால் பார்த்தேன், அந்தக் கனச் சங்கிலித் தொல்லை வராமல் இருப்பதற்காக. இரண்டு செல்லிலும் பார்க்கின் அளவு சமம், ஒரே வளையம் என்பதால். ஃபிளாக் பார்க்கினில் ஏணி. டேக் இல்லாததில் ஒன்றும் இல்லை. சிசிசிபி போட்ட பிறகு இரண்டிலும் ஏணி.

முன்முனையில் நான் ஒட்டிய அந்தப் பதினேழு அமினோ அமிலங்கள்தான், மடங்கிப் படிய வேண்டிய பகுதியைச் சரியாகப் படிய விடாமல் செய்திருக்கின்றன. சுருண்ட மரவட்டைக்கு நடுவில் ஒரு குச்சியை வைத்தது போல. பார்க்கினின் முன்முனை இப்படிப் பூட்டாக இருக்கிறது என்பதும், அங்கே டேக் வைத்தால் பூட்டு தளர்கிறது என்பதும் 2011-லேயே ஆய்வுத்தாளாக வந்திருக்கிறது. அதை நான் படித்திருந்தேன். பூட்டைப் பற்றிய பகுதிக்கு மஞ்சள் அடிக்கோடு போட்டிருந்தேன். டேக் பற்றிய பத்திக்குப் போடவில்லை. அன்று அந்தத் தாளைத் திறந்து பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதோடு முடியவில்லை. டேக் இல்லாத செல்லின் பிளாட்டில் இன்னொன்று இருந்தது. 52-இல் ஒரு பட்டை, அதற்குக் கீழே 42 பக்கத்தில் இன்னொரு பட்டை. புரதம் சிதைகிறது என்று பயந்தேன். புரதச் சிதைவைத் தடுக்கும் மருந்தை இரண்டு மடங்காக்கினேன், செல்லை ஐஸிலேயே உடைத்தேன். பட்டை அசையவில்லை. பிறகுதான் தெரிந்தது, பார்க்கினில் 80-ஆம் இடத்தில் ஒரு மெத்தியோனின், அதாவது புரதம் தொடங்கும் அமினோ அமிலம், இருக்கிறது. ரைபோசோம் சில சமயம் முதல் மெத்தியோனினைத் தாண்டிப்போய் அந்த 80-இல் தொடங்கிவிடும். அப்போது முன்முனைப் பூட்டே இல்லாத குட்டிப் பார்க்கின் வரும். இதுவும் முன்பே பதிவான விஷயம்தான், 2005-இல்.

ஏழு மாதம் நான் ஃபிளாக் ஆன்டிபாடியால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டிப் பார்க்கினின் முன்முனையில் ஃபிளாக் கிடையாது, அது தொடங்குவதே 80-இல். அதனால் என் பிளாட்டுகள் அத்தனையும் ஒரே பட்டையோடு, சுத்தமாக, பார்க்க அழகாக இருந்தன. பழைய செல்களின் மிச்சத்தை ஃப்ரீசரிலிருந்து எடுத்து பார்க்கின் ஆன்டிபாடியால் பார்த்தேன். மங்கலாக, ஆனால் இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

ஆக, நான் ஒட்டிய டேக்தான், இல்லாத ஒன்றைக் காட்டியது, இருந்த ஒன்றை மறைத்தது. இரண்டும் ஒரே பிளாட்டில்.

அதற்காக டேக் வைத்த பார்க்கினைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது நியாயமில்லை. மஞ்சள் ஒளிரும் பார்க்கினின் முன்முனையிலும் பெரிய புரதம் ஒட்டியிருக்கிறது, ஆனாலும் மைட்டோகாண்ட்ரியா சேதமான பிறகுதான் அது அங்கே ஓடுகிறது. எங்கே போகிறது என்ற கேள்விக்கு அது நேர்மையாகப் பதில் சொல்கிறது. பார்க்கினோடு எந்தெந்தப் புரதம் ஒட்டியிருக்கிறது என்று பிடித்து எடுத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்ப ஃபிளாக்கும் எச்ஏவும் போல எதுவும் இல்லை. ஆனால் பார்க்கின் தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது. என் கேள்வியே அதுதான்.

டேக் இல்லாத பார்க்கினுடன் வேலையை மறுபடி தொடங்கினேன். 2023 ஏப்ரலில்தான் முதல் உருப்படியான முடிவு வந்தது. அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை.

ஆகவே தங்கையே, முதல் வட்டம் நீ கேட்ட ஃபிளாக் எச்ஏ பார்க்கின். இரண்டாவது, அதே வளையத்தில் டேக் இல்லாத பார்க்கின். மூன்றாவது, ஒன்றும் வைக்காத வெறும் பிபேப் ப்யூரோ. மூன்றிலும் ஒரே நாளில் வைரஸ் செய், ஒரே தட்டு ஹீலாவைப் பிரித்து விடு, மூன்றையும் சேர்த்தே ஓட்டு. ஃபிளாக் ஆன்டிபாடியில் ஒரு பிளாட், பார்க்கின் ஆன்டிபாடியில் ஒரு பிளாட். 42-இல் பட்டை வந்தால் பயப்படாதே, எனக்கு ஒரு படம் அனுப்பு.

தாளைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். கத்தரிக்கோலை எத்தனாலில் துடைத்துக் காய வைத்துக்கொள். வட்டத்தை வெட்டி எடுத்து 100 மைக்ரோலிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஒரு சுற்று சுற்றி, 5 மைக்ரோலிட்டரை பாக்டீரியாவுக்குப் போடு. ஒவ்வொன்றுக்கும் இடையில் கத்தரியை மறுபடி துடை. மூன்றாவது வட்டத்தில் சொட்டு விடும்போது கை கொஞ்சம் அசைந்துவிட்டது, கோட்டுக்கு வெளியே வலது பக்கம் கசிந்திருக்கிறது. அதை மட்டும் ஒரு விரல்நக அளவு தள்ளி வெட்டு.